பேரை வெட்டும் முன் கணக்கைத் தீருங்கள்

"பேரை வெட்டிக்கிட்டு சொந்தமா ஏதாவது செய்யப்போறேன்." இந்தப் பேச்சு இப்போது பிரட்டுக்களத்திலும் கேட்கிறது, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் கேட்கிறது. ஒருவர் ஆட்டோ எடுக்கப்போகிறார். இன்னொருவர் மேசன் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்யப்போகிறார். ஒரு தங்கை லயத்தின் முன் அறையில் தையல் மெஷின் போடப்போகிறார். மரக்கறிச் செய்கை, கோழி வளர்ப்பு, பலகாரம், வயரிங் வேலை, போன் திருத்துவது என்று ஆளுக்கொரு திட்டம் இருக்கிறது.

தொழிற்சங்கம் இதைத் தடுக்க வேண்டுமா? என் கருத்து, தடுக்கக் கூடாது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கை தொடங்கிய காலத்திலிருந்து நம் குடும்பங்கள் இந்த மலைகளில் உழைத்திருக்கின்றன. ஆனால் நம் கைகளுக்குத் தேயிலை மட்டும்தான் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று தெரியாமலும், எத்தனை கிலோவுக்கு அரைப்பேர் விழும் என்று பயந்துகொண்டும் வாழ்கிற ஒருவர் வேறு வழி தேடுவது குற்றமல்ல.

என் கவலை அவர்கள் போகிற விதத்தைப் பற்றியது. துரையோடு அல்லது கணக்கப்பிள்ளையோடு ஒரு வாக்குவாதம் வருகிறது. அடுத்த நாளே வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கடிதம் கொடுப்பதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை. கொஞ்சக் காலம் கழித்து, புதிய தொழிலில் கடனும் பழைய தோட்டத்தில் வாங்காத பணமுமாகச் சங்கக் காரியாலயத்துக்கு வருகிறார்கள். தொழில் தெரியாததால் விழுந்தவர்களைவிடக் கடதாசியும் கணக்கும் இல்லாததால் விழுந்தவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். மேசனுக்குச் சுவர் கட்டத் தெரியும், தையல்காரத் தங்கைக்குச் சட்டை வெட்டத் தெரியும். அதைச் சுற்றியுள்ள வேலைகளை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

நீங்கள் விட்டுப்போவது எவ்வளவு?

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று எழுதுங்கள். நாட்சம்பளம் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத சம்பளமும் சேர்த்துத்தான்.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த 1,350 ரூபாயையே உதாரணமாக எடுப்போம். உங்கள் இன்றைய சம்பளம் அதைவிடக் கூடியதென்றால் கூடிய தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபாய். இதற்குமேல் ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். அது 4,050 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதாவது 1,012 ரூபாய் 50 சதம். சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட்சம்பளம், அதாவது 18,900 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 1,575 ரூபாய். இந்த மூன்றையும் கூட்டினால் மாதம் 6,600 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட வருகிறது. ஆக, அந்த மாதம் உங்கள் உழைப்புக்கு வந்தது 33,750 அல்ல, 40,000 ரூபாய்க்கு மேல்.

அதோடு முடியவில்லை. வேலையில் காயப்பட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கு 84 நாள் பிரசவச் சகாயம் இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பிள்ளை மடுவம் இருக்கிறது. இவை ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்பது வேறு கேள்வி, அதற்காகத்தான் சங்கம் போராடுகிறது. ஆனால் சொந்தத் தொழிலுக்குப் போன மறுநாளிலிருந்து இவற்றைக் கேட்பதற்கு ஆளே இல்லை. உங்களுக்கு நீங்கள்தான் துரை, நீங்கள்தான் தொழிலாளி.

மறுபக்கத்தையும் நேர்மையாக எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் மாதம் 25 நாள் கிடைக்கிறதா, 15 நாள்தான் கிடைக்கிறதா? 15 நாளென்றால் சம்பளம் 20,250 ரூபாய்தான், மற்றத் தொகைகளும் குறையும். அப்படிப்பட்ட தோட்டத்தில் வெளியே போகிற யோசனைக்கு நியாயம் கூடுகிறது. கோபத்தில் எடுக்கிற முடிவுக்கும் கொப்பியைப் பார்த்து எடுக்கிற முடிவுக்கும் வித்தியாசம் இதுதான்.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் ஒருவரும் துணிய மாட்டார்களே" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு சம்பாதித்தால் போதும் என்று தெரிந்தவர்தான் துணிந்து விலை பேசுவார். தெரியாதவர் கிடைத்ததற்குத் தலையாட்டுவார்.

வாங்க வேண்டியதை வாங்குங்கள்

வேலையை விடுவதென்றால் எழுத்தில் விடுங்கள். திகதியிட்ட ஒரு கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றில் தோட்டக் காரியாலயத்தின் கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால், வேலையைக் கைவிட்டுப் போனவர் என்று எழுதிவைக்க இடம் கொடுக்கிறீர்கள். பிறகு எந்தத் திகதியில் விலகினீர்கள் என்பதே வழக்காகிவிடும்.

சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவது. ஐந்து வருடச் சேவை பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஓய்வு பெறும்போது மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிழை. நீங்களாக விலகினாலும் அந்த உரிமை உண்டு. நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும், கடைசியாகப் பெற்ற வீதத்தில் 14 நாட்சம்பளம். 1,350 ரூபாய்ப்படி 20 வருடச் சேவைக்கு 3,78,000 ரூபாய். விலகி 30 நாட்களுக்குள் தோட்டம் இதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால், தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டிவரும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் கோரலாம். ஆனால் வேலை மாறும்போது இப்படி எடுப்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். ஊழியர் சேமலாப நிதி வேறு மாதிரி. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வேலை செய்ய இயலாமற்போனவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் 35 வயதில் விலகினாலும் பணம் தொலைந்துவிடாது. கணக்கில் கிடந்து வருடா வருடம் வட்டி சேரும். அந்தப் பணத்தை நம்பி ஆட்டோவுக்கு முற்பணம் பேசிவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விலகுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். எல்லா மாதமும் கட்டப்பட்டிருக்கிறதா? பெயர் சரியா? நம் தோட்டங்களில் இந்தப் பெயர்ப் பிரச்சினை தீராத நோய். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய மூன்றாவது பெயர். வேலையில் இருக்கும்போது தோட்டக் காரியாலயத்தில் திருத்துவது லேசு. விலகிய பிறகு ஒரு சத்தியக் கடதாசிக்கும் ஒரு கையொப்பத்துக்கும் அலைந்து நாட்கூலி போகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை போய், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை கடதாசிக்காகக் காத்திருந்த சமூகம் நாம். கடதாசியின் அருமையை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீபாவளி முற்பணம், கடைக் கடன், வேறு பிடிப்புகள் என்று தோட்டத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்று தெரியும்.

வீட்டு விடயம்

வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்று சில தோட்டங்களில் வாயால் சொல்வார்கள். வாய்ப்பேச்சை நம்பி வீட்டைக் காலி செய்யவும் வேண்டாம், வாய்ப்பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். இராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே தோட்டத் தலைவரிடமும் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்திலும் பேசுங்கள். வீட்டில் வேறொருவரின் பேர் செக்ரோலில் இருக்கிறதா, 7 பேர்ச் காணி வீட்டுக்கு உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் அந்தப் பெயர் உங்களுடையதா மனைவியுடையதா என்பதையெல்லாம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் பேரை வெட்டக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒருவர் தோட்டத்தில் நிற்க, மற்றவர் ஒரு வருடமாவது தொழிலை நடத்திப் பார்க்கட்டும். அதற்கும் முன்பு, ஞாயிற்றுக்கிழமையிலும் மலையால் இறங்கிய பிறகு கிடைக்கும் நேரத்திலும் அந்தத் தொழிலைச் செய்து பாருங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வாடிக்கையாளர் வந்தால் அது தொழில். தீபாவளிக்கு மட்டும் வந்தால் அது தீபாவளிச் செலவுக்குக் காசு, அவ்வளவுதான்.

பதிவும் முகவரியும்

சொந்தப் பெயரில் மேசன் வேலையோ தையலோ செய்யும் ஒருவர் வியாபாரப் பெயர் பதிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் கடைக்கு ஒரு பெயர் வைத்துப் பலகை தொங்கவிடுவதென்றால் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்கும் வேலை அது. வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்கவும் கம்பனிகளுக்கு வேலை செய்யவும் அந்தப் பதிவுப் பத்திரம் கேட்பார்கள். சாப்பாட்டுச் சாமான் செய்து விற்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையையும் முதலிலேயே போய்க் கேளுங்கள். கடையைப் போட்ட பிறகு போனால் செலவு இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் தோட்டத்து ஆளுக்கு வருகிற தடை, நகரத்து ஆளுக்கு வராத தடை. தொழில் செய்யும் இடம் யாருடையது என்று கேட்பார்கள். லயத்து அறை நம் பெயரில் இல்லை. முகவரி என்ன என்று கேட்பார்கள். பல லயங்களுக்கு வீட்டு இலக்கமே இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, கை மாறி வரும்போது வங்கி கொடுத்த தவணை முடிந்திருக்கும். இதற்குத் தனி ஆள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நகரத்தில் நம்பிக்கையான உறவினர் அல்லது கடைக்காரர் ஒருவரின் முகவரியை அவருடைய சம்மதத்தோடு கடிதங்களுக்குக் கொடுக்கலாம். போன் இலக்கத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்யத் தடையாக இருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அதன் பலனை வீதியில் மட்டுமல்ல, வாசற்படியிலும் பார்க்க வேண்டும்.

வரி என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. வரி இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபருக்கு வருமான வரி விலக்கு இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் அந்த எல்லையைத் தொட மாட்டார்கள். ஆனால் தொடவில்லை என்று காட்டவும் கணக்குக் கொப்பி வேண்டும்.

விலையும் கொப்பியும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். சொந்தத் தொழிலுக்கு இதைவிட நல்ல புத்திமதி கிடையாது.

தையல் தொழிலில் ஒரு தங்கைக்கு மாதம் 45,000 ரூபாய் கைக்கு வந்தது என்று வைப்போம். சந்தோஷம்தான். ஆனால் நூல், பொத்தான், லைனிங், மின்சாரம், டவுனுக்குப் பஸ் செலவு, மெஷின் திருத்தக் கூலி எல்லாம் 14,000 போனால் மிச்சம் 31,000. மேலே போட்ட 40,000 ரூபாய்க் கணக்கோடு ஒப்பிடுங்கள். கையில் காசு புரளுகிறது, ஆனால் குடும்பம் பின்னுக்குப் போகிறது. எத்தனையோ பேர் இதைக் காணாமலே ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். வரவை ஒரு பக்கமும் செலவை மறுபக்கமும் தினமும் எழுதுங்கள். தொழில் காசையும் வீட்டுக் காசையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று வங்கியில் இருக்கட்டும். மனைவி உழைக்கிற தொழில் என்றால் கணக்கு மனைவியின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

மேசன், வயரிங், பெயின்ட் வேலை செய்பவர்கள் கொந்தராத்தை வாயால் பேசி முடிக்காதீர்கள். ஒரு பக்கத் தாள் போதும். என்ன வேலை, எத்தனை சதுர அடி, சீமெந்தும் மணலும் யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் முடியும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி இரண்டு பேரும் கையொப்பமிடுங்கள். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, சுவர் எழும்பியதும் ஒரு பங்கு, கூரை மட்டம் வந்ததும் ஒரு பங்கு. வேலை முழுவதும் முடிந்த பிறகு மொத்தமாக வாங்குகிறேன் என்று இருந்தால், கடைசியில் வருவது காசா பேச்சா என்பது அவருடைய மனசைப் பொறுத்தது.

லயத்துக்குள் தொழில் செய்பவருக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. வாடிக்கையாளர் எல்லாம் அத்தை, மாமா, மச்சான், மதினி. "சம்பளத்துக்குத் தாறேன் பிள்ளை" என்றால் மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம். ஆனால் கடன் கொப்பி ஒன்று வைத்து, ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை போடுங்கள். பழைய கடன் தீராமல் புதிய கடன் இல்லை என்பதை முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரேமாதிரிச் சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் வெளிவேலை நிற்கும். பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் பெருமழை. தையலுக்குத் தீபாவளியும் பொங்கலும் பாடசாலை தொடங்கும் காலமும் நல்ல காலம், இடையில் காற்றாடும். நல்ல மாதத்து வருமானத்தில் மோசமான மாதத்துச் சாப்பாட்டையும் எடுத்துவைக்க வேண்டும். மூன்று மாத வீட்டுச் செலவுக்குக் காசு கையில் இல்லாமல் பேரை வெட்டாதீர்கள்.

கடன்

தொழில் தொடங்கப்போகிறார் என்று தெரிந்தால் போதும், கடன் கொடுக்க ஆள் வாசலுக்கே வருவார்கள். நுண்கடனால் பெண்கள் பட்ட பாட்டை இந்த நாடே பார்த்தது. கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக் கடனில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கடைசியில் கடனோடு உறவும் முறிகிறது.

"மாதம் 2 வீதம்தான்" என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு இலட்சம் ரூபாய் எடுத்து 24 மாதத்தில் கட்டுவதாக வைப்போம். முழுத்தொகைக்கும் கடைசி வரை அதே 2 வீதம் வட்டி போட்டால், வட்டி மட்டும் 48,000. மாதத் தவணை ஏறக்குறைய 6,167 ரூபாய். நீங்கள் மாதா மாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 40 வீதம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். வட்டி முழுத்தொகைக்கா, மீதித் தொகைக்கா? கடைசி வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்து யோசியுங்கள். அன்றைக்கே கையொப்பம் கேட்பவரிடம் கையொப்பமிடாதீர்கள்.

ஆட்டோவை லீசிங்கில் எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கடைசித் தவணை கட்டும் வரை வாகனம் முழுமையாக உங்களுடையது அல்ல. தவணை தவறினால் வாகனமும் போகும், அதுவரை கட்டிய காசும் போகும். தவணையோடு காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், சர்வீஸ் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் போட்டு, உங்கள் சந்தியில் ஏற்கெனவே எத்தனை ஆட்டோ நிற்கிறது என்றும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். 20 வருடச் சேவைக்காலப் பணம் முழுவதையும் ஒரே முற்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். பாதியையாவது வங்கியில் போட்டுவையுங்கள்.

முதுமையும் சான்றிதழும்

தோட்டம் கட்டிய 12 வீதமும் 3 வீதமும் நின்றுவிட்டது. இனி யார் கட்டுவது? நீங்கள்தான். சுயதொழில் செய்பவர்களுக்காக இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 59 வயது வரையானவர்கள் சேரலாம். பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியிலும் சுயதொழில் செய்பவர்கள் தாங்களாகச் சேர்ந்து கட்ட வழியிருக்கிறது. இளம் வயதில் சேர்ந்தால் கட்டும் தொகை சிறியது. "தொழில் நல்லா வந்த பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய நட்டம்.

கைத்தொழில் தெரிந்தவர்கள் அதற்கு ஒரு சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக மேசன் வேலை செய்கிற ஒருவர் திரும்ப வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலையையும் கைத்திறமையையும் பரிசோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் கேளுங்கள். "தோட்டத்துப் பையன்" என்று விலையைக் குறைக்கப் பார்ப்பவர் முன் வைப்பதற்கு அந்தத் தாள் உதவும்.

"இனி நீயே முதலாளி"

இதுவரை பேசியது தொழிலாளி தானாக விரும்பிப் போகிற வழி. இன்னொன்று இருக்கிறது, தோட்டமே தள்ளிவிடுகிற வழி. "இந்தத் துண்டுத் தேயிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கொழுந்தை எங்களுக்குக் கொடுங்கள், இனி நீங்களே முதலாளி" என்று வெளியார் உற்பத்தி முறையைப் பற்றிக் கம்பனிகள் சில வருடங்களாகப் பேசிவருகின்றன.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பவன் அல்ல நான். இந்த நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அவர்கள் தங்கள் சொந்தக் காணியில் நிற்கிறார்கள். தொழிற்சாலைக்குக் கொடுக்கும் கொழுந்துக்கு, தேயிலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்துக்காரருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற முறை அவர்களுக்கு இருக்கிறது. நம்மிடம் நீட்டப்படும் தாளில் காணி யாருடையது? எத்தனை வருடத்துக்கு? விலை எந்தக் கணக்கில்? பசளையும் மருந்தும் யார் செலவு? அது கொழுந்துக் காசில் பிடிக்கப்படுமா? செக்ரோலில் பேர் இருக்குமா? சேமலாப நிதி தொடருமா? பழைய சேவைக்கால வருடங்கள் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் அது சுயதொழில் அல்ல. மழையும் நட்டமும் உங்கள் தலையில், விலையும் தராசும் அவர்கள் கையில். அப்படிப்பட்ட தாளில் சங்கத்துக்குக் காட்டாமல் கையொப்பமிடாதீர்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

"பேரை வெட்டிக்கொண்டு போகிறவருக்குச் சங்கம் ஏன் உதவ வேண்டும்? சந்தா குறையுமே" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மனைவி இன்னும் மலையில் நிற்கிறார், தாயும் தகப்பனும் லயத்தில் இருக்கிறார்கள். அவர் தோற்றால் அந்தக் கடன் முழுக் குடும்பத்தின் சம்பளத்திலும் விழும்.

ஆகவே ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் மாதத்தில் ஒரு நாளையாவது இதற்கென ஒதுக்க வேண்டும். சேமலாப நிதிக் கூற்றைப் பார்ப்பது, பெயர்த் திருத்தம், சேவைக்காலப் பணக் கணக்கு, கடன் தாளை வாசித்துச் சொல்வது ஆகிய நான்கும் போதும். சுயதொழிலுக்குப் போனவர்களும் ஒரு சிறு சந்தாவோடு அங்கத்தவர்களாகத் தொடர வழி செய்ய வேண்டும். ஆட்டோக்காரரும் மேசனும் தையல்காரியும் தனித்தனியாக நின்றால் விலையை மற்றவர் சொல்வார். சேர்ந்து நின்றால் அவர்களும் பேசலாம்.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொந்தராத்து வேலை பெருகினால் இரண்டு தம்பிமாரைக் கூட வைத்துக்கொள்வீர்கள். அன்றிலிருந்து நீங்கள் ஒரு தொழில்தருனர். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அந்தத் தம்பி சாரத்தில் இருந்து விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. நேரத்துக்குச் சம்பளம், சரியான நிறுவை, காயத்துக்கு மருந்து என்று இவ்வளவு காலமும் துரையிடம் கேட்டோமே, அதையெல்லாம் அந்தத் தம்பி இனி உங்களிடம் கேட்பார். கொடுக்கக்கூடிய விலையில் கொந்தராத்தைப் பேசுங்கள்.